ஜூரி முறை: விலையும் பயனும்



இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள, 18 முதல் 75 வயது வரையிலானோருக்கு ஜூரிப் பணிக்கான அழைப்பாணை வரலாம். 13 வயதுக்குப் பின் ஐந்தாண்டுகளாவது இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். பிரித்தானியக் குடியுரிமை கட்டாயமன்று; வாக்காளராகப் பதிந்துள்ள இந்திய, இலங்கைக் குடிமக்களும் அழைக்கப்படுவர். ஆதலால் இம்முறையின் குறைநிறைகளை அறிதல் தமிழ்க் குடும்பங்களுக்கு அவசியமாகிறது.

ஜூரி விசாரணை செலவு மிக்கது. 12 பேர் தத்தம் தொழிலை விட்டு, பொதுவாக 10 வேலைநாட்கள் நீதிமன்றம் வர வேண்டும். முதல் 10 நாட்களில் ஊதிய இழப்புக்கு ஈடாக 2024-இல் வழங்கப்பட்டது நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு மட்டுமே. சிறுகடை நடத்துவோருக்கு இது பெருஞ்சுமை.

லண்டன் ஜூபிலி இரயில்பாதை நீட்டிப்பு தொடர்பான மோசடி வழக்கு இதற்குத் தக்க சான்று. 2003-இல் தொடங்கிய விசாரணை, ஜூரர்களின் நோய், பணநெருக்கடி முதலிய இடையூறுகளால் தடைபட்டு, ஏறத்தாழ 21 மாதங்களுக்குப் பின் 2005 மார்ச்சில் தீர்ப்பின்றிக் கைவிடப்பட்டது. செலவு சுமார் 6 கோடி பவுண்டு.

2024-இன் இறுதியில் கிரௌன் நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 70,000-ஐத் தாண்டின. காத்திருக்கும் காலத்தில் சாட்சிகளின் நினைவு மங்குகிறது. பாதிக்கப்பட்டோர் மனம் தளர்கின்றனர். குற்றமற்றவரும் பழி சுமந்து வாழ்கிறார். இதனால் 2025 டிசம்பரில் நீதி அமைச்சர் டேவிட் லாமி, ஜூரி விசாரணைகளைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார்.

ஆயினும் தாமதம் அனைத்தையும் ஜூரியின் தலையில் சுமத்துதல் முறையன்று. 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகள் ஜூரியின்றி மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே முடிகின்றன. 2020-இன் பெருந்தொற்று, 2022-இன் வழக்கறிஞர் வேலைநிறுத்தம், நீதிமன்ற அமர்வு நாட்களின் கட்டுப்பாடு ஆகியனவும் தேக்கத்தைப் பெருக்கின.

மேலும், அதே லாமி 2017-இல் அளித்த ஆய்வறிக்கை, ஜூரிகளின் தீர்ப்புகளில் இனப்பாகுபாடு தென்படவில்லை எனக் கூறியது. சிறுபான்மையினருக்கு இது அற்பமான செய்தியன்று. சேமிக்கப்படும் பணத்தோடு, இழக்கப்படும் இந்நம்பிக்கையையும் கணக்கில் எழுத வேண்டும்.

பெற்றோர்களே, அழைப்பாணை வந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். தகுந்த காரணமின்றிப் புறக்கணித்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. வேலை நெருக்கடி இருப்பின் ஒருமுறை தள்ளிவைக்கக் கோரலாம். இளையோர்களே, ஜூரராக அமர்ந்தால் வழக்கைப் பற்றி இணையத்தில் தேடாதீர்கள். 2015 முதல் அது தனிக் குற்றம். ஒருவரின் தேடலால் முழு விசாரணையும் வீணாகலாம்.

குறையுள்ள முறையைத் திருத்தலாம். அதற்கு முதலில் அந்த 12 இருக்கைகளுள் ஒன்றில் தமிழரும் பொறுப்புடன் அமர வேண்டும்.