முளையமும் முள்ளந்தண்டும்

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



முளையத்திலிருந்து எடுக்கும் மூலவுயிர்க்கலங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, இது கொழும்பிலும் பேராதனையிலும் பேசவேண்டிய பொருளாயிற்றே, வன்னியில் விதைப்புக் காலத்தில் யார் செவிகொடுப்பார் என்று தயங்கினோம். அத்தயக்கத்தைத் தீர்த்தவர் எங்கள் ஊர் அண்ணர் ஒருவர். 2009 இல் எறிகணைத் துண்டு முள்ளந்தண்டில் பாய்ந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர். "தம்பி, இந்தியாவுக்குப் போய் ஏதோ மூலக்கல ஊசி போட்டால் எழும்பி நடக்கலாமாம். மேட்டுக்காணியை விக்கட்டோ?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டதன் பயனே இவ்வுரை.

முதற்கண் பொருளை விளங்கிக்கொள்வோம். கருக்கட்டிய ஐந்தாம் நாளில் மனித முளையம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொன்று, இரண்டு அளவேயான சிறு உருண்டை. அதனுள் ஒருபுறம் ஒட்டிக்கிடக்கும் சில கலங்களே பின்னர் எலும்பாய், இரத்தமாய், நரம்பாய் மாறுவன. அவற்றைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் மூலவுயிர்க்கலம். தமிழ்நாட்டார் குருத்தணு என்பர். வழக்கமான முறையில் பிரித்தால் முளையம் அழியும். வழக்கெல்லாம் இந்த ஒரு வசனத்துள் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வாராய்ச்சியின் வாசலைத் திறந்தவர்களுள் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பதை எத்தனைபேர் அறிவோம்? பேராதனையில் மிருக வைத்தியம் கற்ற ஆரிப் பொங்சோ, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1994 இல் ஐந்து நாள் முளையத்தின் உட்கலங்களைப் பிரித்துச் சிறிதுகாலம் வளர்த்துக் காட்டினார். அவற்றைத் தொடர்ந்து பெருக்கும் வித்தையை அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் 1998 இல் கைவரச் செய்தார். பிள்ளைப்பேறு வேண்டிச் சோதனைக்குழாயில் உண்டாக்கப்பட்டு, பெற்றோர் ஆராய்ச்சிக்கெனக் கொடுத்த முளையங்களே பயன்பட்டன.

இனி, இது பாவமா? நாம் படித்தது மிஷன் பாடசாலையில். கருக்கட்டிய கணமே அது மனிதன், அதை அழிப்பது கொலை என்றே அங்கு போதித்தனர். நம்மவர் மேடைகளிலோ, காந்தாரியின் நூறு குடங்களை எடுத்துக்காட்டி, இவ்வித்தை நம் முன்னோர் அறிந்ததே என்று முழங்குவோர் உளர். கைதட்டுவது எளிது, ஆனால் புராணக் கதை ஆய்வுகூடக் குறிப்பாகிவிடாது. நம்மைத் தடுத்து நிறுத்துவது வேறொன்று: திருவாசகத்துப் போற்றித் திருவகவல். கருவில் இருக்கும் உயிர் கடக்கும் ஆபத்துகளை மணிவாசகர் முதல் மாதத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வருகின்றார். அதை ஓதி வளர்ந்தவர்கள், அந்தச் சிறு உருண்டையை வெறும் சடம் என்று சொல்லிவிட முடியாது.

சிங்கப்பூரின் உயிரியல் ஒழுக்க ஆலோசனைக் குழு இவ்விடயத்தில் ஒவ்வொரு சமயத்தாரின் கருத்தையும் கேட்டது. அங்குள்ள இந்து மையம், கருவை அழித்தல் பாவமென ஒப்புக்கொண்டு, நோய் தீர்த்து மனித உயிரைக் காக்க இக்கலங்களைப் பயன்படுத்துவதை மறுக்கவில்லை. எமது எண்ணமும் ஏறத்தாழ அதுவே. குளிர்ப்பெட்டியில் எஞ்சி எப்படியும் அழியப்போகும் முளையத்தைப் பெற்றோர் மனமொப்பிக் கொடுப்பது தானம். அழிப்பதற்கென்றே ஒன்றை உண்டாக்குவது வேறு கருமம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடக்கிய கண்தானச் சங்கத்தால் இந்நாட்டுக் கண்கள் உலகெங்கும் ஒளி கொடுக்கின்றன. கேளாமல் எடுத்தால் அதற்கும் தானமென்று பெயரில்லை.

சட்டத்துக்கு வருவோம். எமது தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் எழுந்தது. தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு வரை சிறை, கரு அசைந்த பின்னராயின் ஏழாண்டு வரை என்று 303 ஆம் பிரிவு கூறுகின்றது. அது பேசுவது கர்ப்பிணியைப் பற்றி. கண்ணாடித் தட்டிலுள்ள முளையத்தை அதை எழுதியவர்கள் கனவிலும் கண்டிரார்.

இங்கிலாந்தில் வார்னொக் அம்மையாரின் குழு 1984 இல் பதினான்கு நாள் எல்லையை விதந்துரைத்தது. 1990 இல் அது சட்டமாயிற்று. ஏன் பதினான்கு? ஏறத்தாழ அந்நாளில்தான் உடலின் அச்சைக் காட்டும் முதற்கோடு தோன்றுகின்றது. அதுவரை ஒரு முளையம் இரட்டையராய்ப் பிரியவுங்கூடும். (ஓருயிரா ஈருயிரா என்பதை அப்போது யார் சொல்வது? சைவ சித்தாந்தம் கற்ற பெரியோர் பின்னர் எமக்கு விளக்குவார்களாக.) இந்தியாவிலும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டி இதே எல்லையை வைத்துள்ளது. 2021 இல் அங்கு இயற்றப்பட்ட செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், பத்தாண்டு சேமித்த முளையத்தை அழியவிடலாம், அல்லது உரியவர் சம்மதத்துடன் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிலையத்துக்கு அளிக்கலாம் என்கின்றது. அத்தகைய சட்டம் எமது நாட்டுக்கும் வேண்டும்.

ஆயினும், முளையத்துக்கு மட்டும் காவல் வைத்தால் போதுமா? எம் மனத்தை உறுத்தியது இதுதான். 2009 சனவரி 2 ஆந் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் முல்லைத்தீவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த அதே மாதத்தில், முள்ளந்தண்டு முறிந்தோருக்கு முளைய மூலவுயிர்க்கலம் செலுத்தும் முதலாவது பரிசோதனைக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. நடத்தியது ஜெரோன் என்னும் கம்பனி. முதல் நோயாளிக்கு 2010 ஒக்டோபரில் செலுத்தினர். காயம்பட்டு இரண்டு வாரத்துக்குள் இருப்பவரே அதிற் சேரலாம். 2011 நவம்பரில் பணக்காரணத்தால் அதை நிறுத்தியும்விட்டனர். எவரும் எழுந்து நடக்கவில்லை.

எங்கள் அண்ணரின் காயத்துக்கோ பதினைந்து ஆண்டு கடந்துவிட்டது.

இந்திய வழிகாட்டியை அவருக்கு வாசித்துக் காட்டினோம். 2007 இல் அதன் தலைப்பிலிருந்த "சிகிச்சை" என்னும் சொல்லை 2013 இல் எடுத்துவிட்டார்கள். அது சிகிச்சையென ஒப்புக்கொள்வது இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் இரத்த மூலக்கல மாற்றத்தை மட்டுமே. மற்றவை யாவும் பரிசோதனை, பரிசோதனைக்கு உட்படுபவரிடம் பணம் வாங்கலாகாது, விளம்பரமும் கூடாது. முளையத்தைக் காக்க எழுதிய விதியைவிட எங்கள் ஊருக்கு அவசரமாய் வேண்டியது இந்த விதியே என்று எமக்குத் தோன்றுகின்றது.

அண்ணர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப நான் நம்பக்கூடாதோ?" என்றார். என்ன சொல்வது? ஜப்பானில் யமனகா 2006 இல் எலியின் உடற்கலத்தையும், 2007 இல் மனிதரின் தோற்கலத்தையும் முளையநிலைக்கு ஒப்பாக மாற்றிக் காட்டினார். 2012 இல் நொபெல் பரிசு பெற்றார். முளையத்தை அழிக்காத வழி அது. ஆராய்ச்சி நடக்கின்றது என்றோம். இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் உயிரைப் பறிப்பது நடக்கவியலாமை அன்று. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று போன்றவையே. காணி விற்ற காசு கைக்கு வருமாயின், நல்ல மெத்தைக்கும் ஒழுங்கான பராமரிப்புக்குமே அது முதலிற் போகவேண்டும் என்றும் சொன்னோம். மாங்குளத்தில் உயிரிழை அமைப்பினர் இத்தகையோருக்கென இருப்பதை அவர் எம்மினும் நன்றாக அறிவார்.

பின்னர் இருவருமாய் அமர்ந்து, ஆசை காட்டிய அந்த முகவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். இப்பரிசோதனை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் என்ன இலக்கத்தில் உள்ளது? எந்த ஒழுக்கக் குழு அனுமதித்தது? பரிசோதனையாயின் பணம் எதற்கு? அண்ணர் தம் கையாலேயே ஒப்பமிட்டார்.

காணி இன்னும் விற்கப்படவில்லை. கடிதம் போய் ஏழு வாரமாயிற்று, பதில் வரவில்லை.