சாட்சி சொன்ன காட்டெருமை



யாருடைய நினைவுக்காக இன்று கூடியிருக்கிறோமோ அவர் எனக்கு முதல் மேலதிகாரி. ஊசி போடுவதைவிட நடப்பதில்தான் ஐயா கெட்டிக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவோம். தோளில் ஒரு ஐஸ் பிளாஸ்க், அதற்குள் ‘ரிண்டர்பெஸ்ட்’ என்னும் மாட்டு வெக்கைக்கான தடுப்பூசி. மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பனிக்கட்டி உருகிவிட்டால் மருந்தைக் கீழே கொட்டிவிட்டு மறுநாள் வர வேண்டியதுதான். அதனால் பட்டிக்குப் பட்டி ஓட்டமும் நடையும். இங்கிருக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களில் பலர் வெக்கையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், கண்ணால் கண்டிருக்க மாட்டீர்கள். முதலில் காய்ச்சல். பிறகு கண்ணில் நீர் தாரையாக வழியும். வாய்க்குள் ஈறிலும் நாக்கடியிலும் தவிடு தூவினாற்போலப் புண். அதன்பின் கழிச்சல். ஒரு வாரம், பத்து நாளில் கதை முடிந்துவிடும். இதற்குமுன் நோய் காணாத பட்டி என்றால் பத்துக்கு எட்டு, ஒன்பது போகும்.

காட்டு விலங்குகளின் நோய்களைக் கண்காணிப்பதில் நாடுகள் எப்படிக் கைகோக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்த வழி வெக்கை வழியாகத்தான்.

இந்தக் கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1920இல் இந்தியாவிலிருந்து திமில் மாடுகளை ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் போன சரக்கு, நடுவில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியது. (நம் ஓங்கோல் மாட்டின் வாரிசுகள்தாம் இன்று பிரேசிலில் ‘நெல்லோரே’ என்ற பெயரில் கோடிக்கணக்கில் மேய்கின்றன. நாம் மறந்த உறவு அது.) மாடுகளோடு வெக்கையும் இறங்கியது. ஐரோப்பா பதறிப்போய் 1921இல் பாரிஸில் மாநாடு கூட்டியது. 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் கையெழுத்திட்டுப் பாரிஸிலேயே ஓர் அலுவலகத்தை ஏற்படுத்தின. இன்று உலக விலங்கு நல அமைப்பு என்று அழைக்கப்படுவது அதுதான். ஐக்கிய நாடுகள் சபை பிறக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மனிதர்களுக்கான உலக சுகாதார அமைப்பு வந்தது 1948இல். 

அந்த உடன்படிக்கை நாடுகளிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உன் நாட்டில் வெக்கையோ கோமாரியோ புதிதாகத் தலைகாட்டினால் உடனே தந்தி அடித்துச் சொல். அவ்வளவுதான். ஆனால் நோய் இருக்கிறது என்று சொல்லும் நாட்டின் மாட்டையும் தோலையும் இறைச்சியையும் மறுநாளிலிருந்து யாரும் வாங்க மாட்டார்கள். சொன்னால் நஷ்டம் தனக்கு, லாபம் பக்கத்து நாட்டுக்கு. எந்த அரசும் எதைச் செய்யத் தூண்டப்படும் என்று உங்களுக்கே தெரியும். நூறு ஆண்டுகளாக இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற பெயரில் முயன்றுகொண்டிருக்கிறோம்.

காட்டு விலங்கின் கதைக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். 1880களின் பிற்பகுதியில் எரித்ரியாவின் மசாவா துறைமுகம் வழியாக வெக்கை அந்தக் கண்டத்துக்குள் புகுந்தது. பத்தே ஆண்டுகளில் தென்முனை வரை போய்விட்டது. ஏர் மாடு போயிற்று, பால் மாடு போயிற்று, எத்தியோப்பியாவில் கொடும் பஞ்சம் வந்தது. மாட்டோடு காட்டெருமையும், வில்டபீஸ்ட் என்னும் இரலையும், கூடு இரலையும் விழுந்தன. நோய் ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த அடுத்த அறுபது ஆண்டுகள், பழி காட்டின் தலையில் விழுந்தது. காட்டு விலங்குதான் நோயைப் பொத்தி வைத்துக்கொண்டு மாட்டுக்குக் கொடுக்கிறது என்று நினைத்தார்கள். வேலி போட்டார்கள். விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

உண்மை 1960களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் தெரியவந்தது. வால்டர் பிளவ்ரைட் கென்யாவின் முகுகாவில் உருவாக்கிய திசு வளர்ப்புத் தடுப்பூசியைச் சுற்றுவட்டார மாடுகளுக்குப் போட்டார்கள். வில்டபீஸ்ட் ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. எப்படிப் போடுவது? ஆனாலும் ஆண்டுதோறும் வில்டபீஸ்ட் கன்றுகளை வாரிக்கொண்டு போன நோய் நின்றுவிட்டது. 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த கூட்டம், 1970களின் பிற்பகுதியில் 13 லட்சத்தை எட்டியது. அத்தனை வாய்கள் புல்லை மேய்ந்ததில் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரம் வளர்ந்தது. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்த கதையை ஐயா உயிரோடு இருந்திருந்தால் பத்து முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார். இதில் முக்கியமான செய்தி, நோயின் ஊற்று மாட்டில்தான் இருந்தது என்பது. காடு வாங்கிக் கட்டிக்கொண்டது.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நுழைந்து காட்டுமாடுகளை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. நாம் காட்டெருமை என்று வழக்கத்தில் சொல்வது இந்தக் காட்டுமாட்டைத்தான். அது எருமை இனமே இல்லை. ஆகவே இன்றைய பேச்சில் காட்டெருமை என்றால் ஆப்பிரிக்க எருமை என்று கொள்ளுங்கள். முதுமலைக் காட்டுக்குள் பட்டி மாடுகள் மேய்ந்தன, காட்டுமாடும் அதே குட்டையில் நீர் குடித்தது. வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஓடைக் கரைகளில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பற்றி ஐயா பேசும்போது குரல் தாழும்.

1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்காவின் 22 நாடுகள் சேர்ந்து பெரிய தடுப்பூசி இயக்கம் நடத்தின. வெக்கை கிட்டத்தட்ட ஒழிந்தது. இந்த ‘கிட்டத்தட்ட’தான் நம் தொழிலின் எமன். மாலி எல்லையில் கொஞ்சம், எத்தியோப்பியப் பக்கம் கொஞ்சம் என்று மிச்சம் இருந்தபோதே பணம் நின்றது, கண்காணிப்பு நின்றது. 1980களின் தொடக்கத்தில் அது மறுபடி கண்டத்தைச் சுற்றி வந்தது. இந்த முறை ஐரோப்பியப் பணம், உணவு வேளாண்மை அமைப்பு, பாரிஸ் அலுவலகம் எல்லாம் சேர்ந்து வந்தன. ஐஸ் இல்லாமலே சில வாரம் தாங்கும் தடுப்பூசியும் வந்தது. ஐயாவின் கால்களுக்குப் பிந்திக் கிடைத்த ஓய்வு அது.

இங்கேதான் ஒரு சங்கடம். நோய் போய்விட்டதா என்று மாட்டின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் எதிர்ப்புப் பொருள் இருக்கும். அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா? அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் யாரைக் கேட்பது? ஊசியே படாத விலங்கைக் கேட்க வேண்டும்.

1994இல் கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் காட்டெருமைகள் சாகத் தொடங்கின. கூடு இரலைகள் பார்வை மங்கித் தடுமாறின. வெக்கைதான். அதுவும் 1960களுக்குப் பிறகு யார் கண்ணிலும் படாத ஒரு வகை வைரஸ். சோமாலிய எல்லைப் பக்க மாடுகளில் லேசான காய்ச்சலாக, எந்தப் பேரேட்டிலும் ஏறாமல் அத்தனை ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்திருக்கிறது. மாட்டில் முணுமுணுத்த நோய் எருமையில் கத்தியது. ரிச்சர்ட் காக் போன்ற காட்டுயிர் மருத்துவர்கள் எருமைகளை மயக்க ஊசியால் சாய்த்து ரத்தம் எடுத்தார்கள். பல்லைப் பார்த்து வயதைக் கணித்தார்கள். ஆறு வயது எருமைக்கு எதிர்ப்புப் பொருள் இருந்து, மூன்று வயதுக்கு இல்லையென்றால், நோய் எந்த ஆண்டுகளில் அந்தப் பக்கம் வந்துபோனது என்று சொல்லிவிடலாம். தேதி போட்டுச் சொல்லும் சாட்சி! உலகில் உறுதிசெய்யப்பட்ட கடைசி வெக்கை 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஒரு காட்டெருமையில் பதிவானது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் இளம் எருமைகளின் ரத்தத்தைத் தேடித் தேடிப் பார்த்து, இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிய பிறகே 2011இல் வெக்கை ஒழிந்தது என்று உலகம் அறிவித்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய்.

இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல், நம் தமிழ்நாட்டிலேயே வந்தது. அதற்குப் பின் ஊசி போடுவதை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினால்தான், நோய் இல்லை என்று ரத்தம் சாட்சி சொல்லும். நாற்பது ஆண்டு பழக்கத்தை விடுவது எளிதாக இல்லை. ஐயாவே எதிர்த்தார். மறுபடி வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். 2006இல் இந்தியாவுக்கு நோய்த்தொற்று இல்லை என்ற சான்றிதழ் வந்தபோது, நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவரே சொன்னார். அப்படிச் சொல்லும் அதிகாரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெக்கையின் தம்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் ஐவரி கோஸ்டில் 1942இல் அறியப்பட்டது. நம் நாட்டில் முதலில் கண்டது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். எம்.எஸ்.ஷைலா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை 1989இல் உலகுக்குச் சொன்னார்கள். அதற்கு முன் ஆட்டில் இப்படி வந்தால் வெக்கை என்றே எழுதிவைத்த ஏடுகள் எத்தனையோ. 2030க்குள் இதையும் ஒழிப்போம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஒழியட்டும். ஆனால் மங்கோலியாவைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் அங்கே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வந்தது. அவசரமாகத் தடுப்பூசி போட்டார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே புல்வெளியில் சைகா இரலைகள் விழ ஆரம்பித்தன. 5,000க்கு மேல் செத்தன. ஐபெக்ஸ் காட்டாடும் தப்பவில்லை. முதுமலைக் குட்டைக்கும் கோபி ஓரத்துப் புல்வெளிக்கும் வேறுபாடு குளிர் மட்டும்தான்.

அதே சைகாவுக்குக் கஜகஸ்தானில் 2015 மே மாதம் நேர்ந்தது வேறு. மூன்று வாரத்தில் 2 லட்சத்துக்கு மேல் செத்தன. நம் எருமைகளைக் கொல்லும் தொண்டை அடைப்பானின் கிருமிதான். சைகாவின் தொண்டையில் சும்மா குடியிருந்தது, வழக்கத்தை மீறிய வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தபோது பாய்ந்துவிட்டது. இது இவ்வளவு தெளிவாகத் தெரிய ஒரே காரணம், கன்று ஈனும் இடத்தில் ஆய்வாளர்கள் ஏற்கெனவே கூடாரம் போட்டு நின்றிருந்ததுதான். நோயைத் தேடி வந்தவர்களும் இல்லை. ஆள் இருந்தது, அதனால் தெரிந்தது.

பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டன. அதிகம் போனது வரித்தலை வாத்து. கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் விருந்தாளியாக வரும் அதே இனம். வாத்துக்குப் பாஸ்போர்ட் கேட்க முடியாது. ஆனால் வைரஸ் மாதிரிக்குக் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கும் வைரஸிலிருந்து பணக்கார நாட்டு நிறுவனங்கள் தடுப்பூசி செய்கின்றன, அதை வாங்க எங்களிடம் காசில்லை என்று 2007இல் இந்தோனேசியா மாதிரிகளைத் தர மறுத்தது. பிடிவாதம் என்று பலர் திட்டினார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிந்தது. நான்கு ஆண்டு பேச்சுக்குப் பிறகு 2011இல் காய்ச்சல் வைரஸ்களுக்கென ஒரு பகிர்வு ஏற்பாடு வந்தது. சொல்பவனுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதை உலகம் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

இன்றைய விதிப்படி, பட்டியலில் உள்ள நோய் உறுதியானால் 24 மணி நேரத்தில் பாரிஸுக்குச் சொல்ல வேண்டும். தந்தி போய் இணையம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது நோய் உறுதியான பிறகு. அதற்கு முன், காட்டுக்குள் ஓர் உடல் விழுந்ததிலிருந்து அதன் மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும் வரைக்கும் எந்தக் கடிகாரமும் கிடையாது. மாடு செத்தால் நஷ்டப்பட்டவன் ஓடி வருவான். காட்டுமாடு செத்தால் ஓடி வர யார் இருக்கிறார்கள்? நம் வெயிலில் இரண்டு நாளில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மலையடிவார ஊர் ஒன்றில் பட்டி மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்து நின்றார். “சார், உள்ளே ஓடைக்கிட்ட காட்டுமாடு ஒண்ணு செத்துக் கிடக்குது. மூக்குல தண்ணி. இதை உங்ககிட்ட சொல்றதா, ரேஞ்சர்கிட்ட சொல்றதா?”

பிளாஸ்க்கில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது மாடு பாக்கி. “காட்டு விலங்குன்னா ரேஞ்சர்தானப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பிடிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, அந்த ஓடைக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.