சீசன் தொடங்கும் முன்னே நம்ம பெயர் ஏறட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உள்ளாட்சிச் செய்திகள்’. போன தடவை இதே தலைப்பில் சுற்றறிக்கையை வரி வரியாகப் படித்தேன். பின்வரிசையில் ரெண்டு பேர் தூங்கியே போனாங்க. தப்பு அவங்க மேலே இல்லை. அதனால் இந்தத் தடவை பேப்பர் எதுவும் கொண்டு வரவில்லை. நம்ம பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகிறார்களே, அவங்களுக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறேன்.

கன்னியாகுமரிக்கு ரெண்டு சீசன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட லீவுக் கூட்டம். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ந் தேதி திறந்தார்கள். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். பாலத்தைப் பார்க்க வருகிறவருக்குத் தாகம் எடுக்கும், பிள்ளை அழும், வாங்கித் தின்ன ஏதாவது வேணும். நுங்கு, மாங்காய், அவித்த கடலை, கருப்பட்டி மிட்டாய், ஓலைப்பெட்டி என்று நம்ம ஆட்கள் விற்பது அங்கேதான். சிலருக்கு இந்த ரெண்டு மாத வருமானத்தில்தான் பிள்ளைகளுக்கு ஜூன் மாதச் செலவே நடக்கிறது.

அதே சமயம் ஊர் நிர்வாகமும் சீசனுக்கு முன்னால்தான் ‘ஒழுங்கு’ செய்யத் தொடங்கும். நடைபாதையைச் சுத்தம் பண்ணுவார்கள், பார்க்கிங் ஏலம் விடுவார்கள், ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று ஜீப் வரும். நடக்க இடமில்லாமல் கடை போடுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அகற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. அந்த முறை சட்டத்தில் எழுதியிருக்கிறது, நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014. மே 1ந் தேதி, உழைப்பாளர் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொருந்தும். கன்னியாகுமரிப் பேரூராட்சியை நகராட்சியாகத் தரம் உயர்த்துவதாக 2024 டிசம்பர் கடைசியில் அரசு அறிவித்தது. ‘பேரூராட்சியா, நகராட்சியா, எந்த ஆபீசுக்குப் போறது?’ என்று போன வாரம் ஒரு அக்கா கேட்டாங்க. எதுவானாலும் இந்தச் சட்டம் அப்படியேதான் இருக்கும்.

சட்டம் சொல்வது என்ன? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது தெருவில் விற்கும் எல்லாரையும் கணக்கெடுக்க வேணும். கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கொடுக்க வேணும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. சான்றிதழ் உள்ளவரை இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னால் நோட்டீஸ் தர வேணும்.

நம்ம பெண்கள் இடறி விழும் இடம் இந்தக் கணக்கெடுப்புதான். பக்கத்து மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊரில் நான் வேலை பார்த்த காலத்தில் நடந்ததைச் சொல்றேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே கணக்கெடுக்க வந்தவர்கள் ஆடி மாதம் வந்தார்கள். ஆடியில் அங்கே நுங்கும் கிடையாது, சுற்றுலாக் கூட்டமும் கிடையாது. வருஷம் முழுக்கத் தள்ளுவண்டி போட்டிருந்த ஆண்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக் கொண்டார்கள். நம்ம குழு அக்காமார் அன்றைக்கு வயலில் களை எடுத்துக் கொண்டிருந்தார்கள். பட்டியலில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. அடுத்த சித்திரையில் கூடையோடு போன அக்காவிடம், ‘கார்டு எங்கே? நீ இந்த ஊர்க்காரியே இல்லையே’ என்று கேட்டார்கள். பதினெட்டு வருஷமாக அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விற்றவர். பட்டியலைக் கையில் வைத்திருந்த அதிகாரி சொன்னது, அவர் கையில் இருந்த தாளைப் பொறுத்தவரை உண்மைதான். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூடையைத் தூக்கிவிட்டு, கூடவே பஸ் ஏறி வந்தேன்.

இன்றைக்கு என்றால் சொல்லியிருப்பேன். விற்பவர் அதே ஊரில் குடியிருக்க வேணும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ரெண்டு கணக்கெடுப்புக்கு நடுவிலும் விண்ணப்பம் கொடுக்கலாம். இடம் கொள்ளுமா என்று பார்த்து, நகர விற்பனைக் குழு சான்றிதழ் கொடுக்கலாம். அந்தக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேணும். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் வியாபாரிகள்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்க ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆபீசில் கேட்டுப் பாருங்க. பெண்கள் பெயர் சொன்னால், அவங்களை நேரில் போய்ப் பாருங்க. எனக்கு இதில் ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. சில ஊர்களில் அந்த இடத்தில் இருப்பது பெண்ணின் பெயர் மட்டும், கூட்டத்துக்கு வருவது வீட்டுக்காரர்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்லணும். சான்றிதழ் வாங்கும்போது ‘எனக்கு வேறு பிழைப்பு வழி இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம், இதை வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்க வேணும். சீசனில் மட்டும் விற்று, மற்ற நாளில் கூலிக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பொய்யாக எழுத வேண்டாம். ‘நான் சீசன் வியாபாரி, மற்ற நாளில் கிடைத்த கூலி வேலை’ என்று விண்ணப்பத்திலேயே எழுதி, என்ன சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்க. வாயால் சொல்வதை நம்பித் திரும்பி வராதீங்க.

பொருளைப் பறிமுதல் செய்தால் என்ன செய்வது என்று மணக்குடி பக்கத்து அக்கா கேட்டிருந்தாங்க. எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி நமக்குத் தர வேணும். அழுகும் பொருளை, நாம் போய்க் கேட்கும் அன்றைக்கே திருப்பித் தர வேணும். அழுகாத பொருள் என்றால் ரெண்டு வேலை நாளுக்குள். நுங்கு அழுகும் பொருளா என்று என்னிடம் ஒருத்தர் வாதம் பண்ணினார். மத்தியானம் வரைக்கும் வெயிலில் வைத்துப் பாருங்க சார் என்றேன். அதனால் ஜீப் வந்தால் ஓடாதீங்க, சண்டையும் போடாதீங்க. ‘பட்டியல் குடுங்க’ என்று கேளுங்க. அந்த ஒரு வார்த்தைக்கே பல நேரம் பலன் இருக்கு.

தினசரி வசூல் என்று யாராவது வந்தால் ரசீது கேளுங்க. ரசீதில் உள்ளாட்சி பெயரும் தொகையும் இருக்க வேணும். ரசீது இல்லாத காசு எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாதா? இருக்கிற ரசீதைக் கிழித்துப் போடாமல் தீர்மான நோட்டுக்குள்ளே வையுங்க. பல வருஷமாக விற்கிறோம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

பிளாஸ்டிக் பற்றிச் சுருக்கமாக. ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பையும் ஸ்டிராவும் எல்லாருக்கும் தெரியும். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் உண்டு. ‘பேப்பர்தானே’ என்று வாங்கி மாட்டிக்கொள்ளாதீங்க. ஓலைப் பட்டையில் பதநீர் குடித்த ஊர் நம்ம ஊர். வெளியூர்க்காரர் அதற்கென்றே வந்து நிற்பார்.

முதலுக்கு வருகிறேன். காலையில் 900 வாங்கி, சாயங்காலம் 1000 கொடுக்கிற கணக்கில் ஓடுகிறவர்கள் நம்ம குழுவிலேயே இருக்கிறார்கள். குழுவில் சொல்லக் கூச்சம். பி.எம். ஸ்வநிதி என்று தெரு வியாபாரிகளுக்கு ஒரு வங்கிக் கடன் 2020 ஜூனில் வந்தது. ஈடு எதுவும் வேண்டாம். முதல் தவணை 10,000 ஆக இருந்ததை 2025 ஆகஸ்டில் 15,000 ஆக்கினார்கள். அதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும், சுற்று வட்டாரக் கிராமத்திலிருந்து போய் விற்பவர்களும் உள்ளாட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்துக்குத்தான் பழைய ரசீதும் குழு உறுப்பினர் என்பதும் உதவும். குழுக் கடன் பாக்கி இருப்பவர்கள் அதையும் சேர்த்து, கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்க.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் தூரக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று ஏறும். கள்ளக்கடல் என்போம். 2024 மே 6ந் தேதி நம்ம மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் அனுப்பும் எச்சரிக்கையை நம்ம மீனவர் குழுக்கள் போனில் பார்க்கிறார்கள். எச்சரிக்கை உள்ள நாளில் மணலில் இறங்கிக் கூடை வைக்காதீங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகாதீங்க.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு எல்லாரும் சேர்ந்து போய் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று தலைவி அக்காவிடம் பேசியிருக்கிறேன். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ரெண்டு போட்டோ, பழைய ரசீது இருந்தால் அது. விற்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் போட்டோ யாராவது போனில் எடுத்திருந்தால் அதையும் பிரிண்ட் போட்டுக் கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவர்களுக்கு நானும் ரெண்டு ஊக்குனர்களும் ஒன்பது மணிக்கே வந்து எழுதித் தருகிறோம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும் வரை யாரும் பஸ் ஏற வேண்டாம்.