தறையாணி பூட்டிய தாளத்தட்டு



ஜாஸ் இசையிலே காலப் பிரமாணத்தைக் காப்பது எது? முன்னர் அது காலால் மிதித்து ஒலிக்கும் பெருமுரசின் பணியாயிருந்தது. 1940ஆம் ஆண்டையொட்டிக் கெனி கிளார்க் என்னும் அமெரிக்கக் கலைஞர் அப்பொறுப்பை 'றைட்' எனப்படும் பெரிய வெண்கலத் தட்டுக்கு மாற்றினார்.

அத்தட்டின் விளிம்பருகே துளையிட்டுத் தறையாணிகளைத் தளர்வாகப் பூட்டுவதுண்டு. கோல் பட்டதும் ஆணிகள் துள்ளி, எண்ணெயிற் கடுகு பொரிவது போன்ற ஓசையை எழுப்பும். மென்மையாக வாசிக்கையிலும் நாதம் அறுபடாது நீளும்.

தெரிவு செய்வோர் முதலில் ஆணியில்லாத தட்டின் இயல்பை நோக்குதல் வேண்டும். கோலின் அடி தெளிவாகக் கேளாத தட்டிலே ஆணி பூட்டினால், அக்குறை மிகுமேயன்றிக் குறையாது. சிறு குழுவொன்றுக்கு 20 அல்லது 22 அங்குல மெல்லிய தட்டும் இரண்டு மூன்று ஆணிகளும் போதும். ஆணிகள் பெருகின், இரைச்சல் அடியை விழுங்கிவிடும்.

ஆணியைக் கழற்றலாம், இட்ட துளையை இல்லாததாக்க முடியாது. ஆகவே, துளையிடுமுன் மெல்லிய மணிச்சங்கிலியொன்றைத் தட்டின்மீது தொங்கவிட்டுச் சில நாள் வாசித்துப் பாருங்கள். தனியறையிற் கேட்டது போதாது. பியானோவும் பிற வாத்தியங்களும் உடன் ஒலிக்கையிற் கேட்டு, அதன் பின்னரே முடிவு செய்யுங்கள்.