துணையா, தொல்லையா?

   

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு துணையா, தொல்லையா? துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு, அன்னையோட பிள்ளைங்க மூளையைக் கழட்டி வெச்சுட்டாங்க"ன்னார். ஏன் அண்ணே, அதுக்கு முன்னாடி எல்லாரும் சொந்தமாத்தான் எழுதினாங்களா? சீனியர் நோட்டும் ஜெராக்ஸ் கடையும் எதுக்கு இருந்துச்சு? அஞ்சு பேர் ரெக்கார்டு நோட்டிலே ஒரே தப்பு ஒரே இடத்திலே இருக்கும்! (சிரிப்பு)

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். இந்த மேடையில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் ஒரு முதுகலை மாணவி. அப்பா லாரி ஓட்டுகிறவர். தமிழ் வழியில் படித்து வந்த பெண். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை கொடுத்தாள். இயந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்று இருக்கிறதே, அதில் அந்தக் கட்டுரையைப் போட்டேன். இயந்திரம்தான் எழுதியது என்று வந்தது. வகுப்பில் நாற்பது பேர் முன்னால், "யாரும்மா எழுதிக் கொடுத்தா?"ன்னு கேட்டுட்டேன்.

அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசலை. மறுநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். பக்கம் பக்கமாக அடித்து அடித்து எழுதியிருக்கிறாள். முதலில் தமிழில் யோசித்து, பிறகு ஆங்கிலத்தில் மாற்றி, ஓரத்தில் அகராதி பார்த்த பொருள். அய்யா, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அதுக்கப்புறம்தான் விசாரிச்சேன். 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்திருக்கிறார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஒரு தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல், 'இயந்திரம் எழுதியது' என்று முத்திரை குத்தின! காரணம் என்ன? அயல்மொழியில் எழுதுகிறவர் தெரிந்த எளிய சொல்லை, பழகிய வரிசையில் வைப்பார். அந்த எளிமையைத்தான் கருவி இயந்திரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. அதே 2023-ல், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனமே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டுபிடிப்பானைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு கணக்குப் போட்டது. முந்தைய ஆண்டு சோதனைக்குப் போன கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று தவறினாலும் ஏறத்தாழ 750 கட்டுரைகள் மேல் பொய்ப்பழி. வேண்டாம் என்று அதை அணைத்துவிட்டார்கள். (கைதட்டல்)

இப்போ சொல்லுங்க, சோம்பேறித்தனமா இயந்திரத்தை நம்பினது மாணவியா, வாத்தியாரம்மாவா?

எதிரணித் தங்கச்சி, "அது கூசாம பொய் சொல்லுமே"ன்னு கேட்டாங்க. சொல்லும்! நியூயார்க்கில் வக்கீல்கள், அது கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே கிடையாது. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். நம்ம ஊர்ல வழி கேட்டா சில பேர் தெரியாதுன்னு சொல்லவே மாட்டாங்க. "நேரா போயி லெப்ட்ல திரும்புங்க"ன்னு கைகாட்டிருவாங்க. (சிரிப்பு) அதுபோலத்தான் இதுவும். அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று பார்த்துக் கோக்கிறது. பொருந்துவதெல்லாம் உண்மையாகிவிடாது. அதனால் எங்கள் வகுப்பில், அது சொன்ன புத்தகத்தை நூலகத்தில் கையால் தொட்டுப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

எந்தக் கருவியை எடுப்பது என்பதும் முக்கியம். இலவசமா, காசா என்பது அப்புறம். நாம் போடுவது எங்கே போய்ச் சேர்கிறது, அதை வைத்து அவர்கள் இயந்திரத்தைப் பழக்குவார்களா, வேண்டாம் என்று தடுக்க வழி உண்டா? கடைக்காரரிடம் கத்தரிக்காய் வாங்கவே நாலு கேள்வி கேட்கிறோமே! ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை, மருத்துவச் சான்றிதழை, இன்னும் வெளியிடாத ஆய்வை அதில் போட நமக்கு உரிமை கிடையாது. அது நம்ம வீட்டுச் சாமான் இல்லை.

பயன்படுத்தினால் எதற்குப் பயன்படுத்தினேன் என்று கட்டுரைக் கடைசியில் இரண்டு வரி எழுத வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தால் கருவியிடம் கேட்பதில்லை. பிள்ளையை எதிரே உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்கிறேன். எழுதினவர் யாருன்னு தானா தெரிஞ்சுடும்.

அதே நாற்பது பேர் முன்னால் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவளும் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறாள். முதலில் தானே எழுதுவாள். பிறகு, "இந்த வாக்கியத்தில் என்ன தப்பு, ஏன் தப்பு?" என்று அதனிடம் கேட்பாள். போன மாசம் ஓடி வந்தா. "மேடம், இந்த இடத்துல அது திருத்தினது தப்பு. நான் எழுதினதுதான் சரி"ன்னா. வாங்கிப் பார்த்தேன். அவள் எழுதினதுதான் சரி. (கைதட்டல்)

நடுவர் அய்யா மணியிலே கை வெச்சுட்டாங்க.