குருசுக்குப்பத்துச் சொல்தா



குருசுக்குப்பத்தில் ‘சொல்தா’ என்னும் சொல்லுக்கு உரை வேண்டுவதில்லை. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர் அவர். 1881ஆம் ஆண்டின் ஆணைவழிச் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோருள், சாதி இழிவினின்று மீள விழைந்தோர் பலர். முதல் உலகப் போரின்போது அவ்வுரிமையே அவர்களைக் கட்டாயப் படைச்சேவைக்கு உட்படுத்தியது. பின்னர் இந்தோசீனாவிலும் அல்சீரியாவிலும் புதுச்சேரிச் சொல்தாக்கள் போரிட்டனர். பிறர் விடுதலையை ஒடுக்கிய போர்கள் அவை, மறைப்பதற்கில்லை.

1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டு ஓய்வூதியத்தோடு ஊரிலேயே வாழ்ந்தோர் உண்டு. சூலை 14 அன்று பதக்கம் அணிந்து, கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின்முன் நிற்பர். 1938இல் திறக்கப்பட்ட அச்சின்னம் மாண்டோர்க்குரியது. மீண்டோரைத் தமிழ்க் கவிதை போதிய அளவு நாடவில்லை. அந்நியச் சீருடையே தடையாயிற்றுப் போலும். இந்தோசீனாவில் போரிட்டோருள் எஞ்சியோர்க்கு இன்று அகவை தொண்ணூறை ஒட்டியது. அவர்தம் வாய்மொழி இன்னும் எழுதப்பெறவேண்டும்.