பச்சையை அழிக்கப் போய்த் தோலை இழக்கலாமா?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பச்சை குத்துவது நம்மவர்க்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் கைகளில் கோலமும் பெயரும் இருந்தன. இன்று நம் பிள்ளைகளும் குத்திக்கொள்கிறார்கள். பிறகு வேலைக்கு மனுப் போடும்போதும், கல்யாணம் பேசும்போதும், பழைய கூட்டத்தின் சகவாசத்தை விடும்போதும் அதை அழிக்கத் துடிக்கிறார்கள். அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. அழிக்கும் வழியைப் பற்றியே பேச வந்தோம்.

மை மேல்தோலில் இல்லை. அதற்கும் அடியில் உள்தோலில் தங்கியிருக்கிறது. ஆகவே வெளியே எரிக்கும் மருந்தைப் பூசினால், மையை எட்டுமுன் தோல் வெந்துபோகும். பால் வெட்டும் நமக்கு இது விளங்காததா? கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தானே வளர்கிறது? ஆழமாகக் காயம்பட்ட தோலும் அப்படித்தான் தழும்பேறும்.

பாலை உறையவைக்கும் பார்மிக் ஆசிட்டைப் பச்சையின்மேல் தடவ எவரும் நினைக்கவே கூடாது. தப்பித் தவறித் தோலில் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உப்பை வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். புண்ணும் சீழும் தழும்புமே மிஞ்சும்.

லேசர் என்ற ஒளிக்கதிர் முறை வேறு. குறிப்பிட்ட நிறத்தை மட்டும் ஒளியால் தாக்கும் தத்துவத்தை 1983-இல் அமெரிக்க டாக்டர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் விளக்கினார்கள். ஒளி மையைப் பொடியாக்குகிறது; அந்தப் பொடியை உடம்பே சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகிறது. ஒரே நாளில் முடியாது. பல தடவை செய்ய வேண்டும். இடையில் 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். கறுப்பு மை எளிதில் மங்கும். பச்சை, மஞ்சள் நிறங்கள் பிடிவாதமானவை. சில பச்சைகள் முழுவதும் போவதேயில்லை.

இதிலும் அபாயம் உண்டு. நம் கறுத்த தோலில் நிறமி அதிகம். லேசர் அதையும் தாக்கலாம். கொப்புளம், வெள்ளைத் திட்டு, கருமை, தழும்பு ஆகியவை ஏற்படக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரே கறுத்த தோலுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானது. காயம் ஆறியபின் மேடாகத் தடிக்கும் உடம்புள்ளவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிக்கொள்ள வேண்டும்.

தோழர்களே! மலிவு விளம்பரத்தைக் கண்டு அழகுக் கடைக்கு ஓடாதீர்கள். பதிவுபெற்ற தோல் டாக்டரிடம் போங்கள். எந்த லேசர், எத்தனை தடவை, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். சம்பளச் சீட்டில் ஒரு காசு குறைந்தாலும் கேட்கும் நாம், நம் தோலுக்காகக் கேட்கக் கூசுவானேன்? பச்சை பத்து மாதம் கூடுதலாக இருந்தால் குற்றமில்லை. வெந்த தோல் பழையபடி வராது.